சிவக்கொழுந்து வாங்கிய பிள்ளை

நிரோஜன் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது சரியாக நூற்றியொரு ரூபா.

இரவு பதினொன்றே கால். வேலணையைத் தாண்டி மடத்துவெளிக்குப் போகிற கடல்பாதை. இரண்டு பக்கமும் தண்ணீர்... ஒரு விளக்கு இல்லை. கிட்ட வந்து இருங்கள், கத்திச் சொல்லுகிற கதை இல்லை இது. நிரோஜன், என்னோடு கல் சுமக்கிற தில்லைநாதனின் மருமகன். ஓட்டோ அவனுடையது. பின்னால் மனைவி கிருசாந்தி. அவள் மடியில் தலை வைத்தபடி மூன்று வயது தாரிகா.

பிள்ளைக்கு ஈரலில் புற்றுநோய். கொழும்பில் ஐந்து மாதம் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கினார்கள். பிறகு அதை வெட்டி எடுத்தார்கள். பாதி ஈரல் போனது. அது திரும்ப வளரும், பயமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டொக்டர்.

கொழும்புக்குப் போக முன்னம், தப்பாது என்கிற பிள்ளையை விற்கிற வழக்கப்படி, பக்கத்து வளவில் பனங்கிழங்கு அவித்து விற்கிற சிவக்கொழுந்துக்கு நூற்றியொரு ரூபாவுக்கு விற்றார்கள். வேறொருத்தியின் பிள்ளை என்றால் யமன் ஏமாந்து போவானாம். சுகமானதும் அதே காசைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். அதுவரை பிள்ளை வாங்கினவளுக்குத்தான்.

"இனி இது என்ர பெட்டை. ஆரும் அடிச்சியளோ, பொலிசுக்குப் போவன்" என்று சிரித்தாள் சிவக்கொழுந்து. பிள்ளை இல்லாதவள்.

பிள்ளைக்கு ஒப்பரேசன் நடந்த அன்றே அவள் செத்துப்போனாள். போன் நிரோஜனுக்குத்தான் வந்தது. கிருசாந்திக்கு அவன் மூச்சு விடவில்லை. எரித்து மூன்று கிழமை.

பாதி வழியில் பனங்கிழங்கு அவித்த மணம்... கூடவே மயிர் கருகிய மணம்.

"இஞ்சருங்கோ, அங்க சிவக்கொழுந்து அக்கா நிக்கிறா!" கிருசாந்தி சிரித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இந்தச் சாமத்திலயும் பெட்டையைப் பாக்க வந்திட்டா. நிப்பாட்டுங்கோ!"

நிரோஜன் நிற்காமல் கைபிடியை முறுக்கினான். ஓட்டோ இரண்டு தரம் இருமியது... நின்றது. கல்லில் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும்.

"உங்களைத்தானப்பா, காசை எடுங்கோ. வீட்டை போக முந்தி வாங்கிப்போடுவம்."

காசு சட்டைப்பையில் இருந்தது. திரும்பிப் பாராமல் கையை வெளியே நீட்டினான். வாங்கு... வாங்கிவிடு என்று மனதுக்குள் கும்பிட்டான். தாள்கள் காற்றில் படபடத்தன. ஒருவரும் வாங்கவில்லை.

"வேண்டாம், தம்பி." காதடியில்... குளிராக. "அந்தக் காசை நான் விட்டிட்டன். வித்தது வித்ததாவே இருக்கட்டும்."

கிருசாந்தியின் சிரிப்பு நின்றது. அப்போதுதான் அவன் திரும்பினான்.

வயிற்றுக் காயம் நோகும் என்று பெற்ற தாயையே தூக்க விடாத பிள்ளை எழும்பி இருந்தாள். இருட்டைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.