கூலபென்

எண்பத்தாறில், டென்மார்க்கில் வைலேயிலிருந்து ஓகூஸுக்குப் போன ரயிலில், எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

“பிஸ்டல் குண்டு பட்டவுடனை ஆள் விழுந்திடுவான் எண்டு நினைக்காதை.”

“கண்டனீங்களே, அண்ணை?”

“ஊரிலை ஆமிக்குப் பயந்து ஒரு கடைக்கதவைத் தட்டினன். முதலாளி கள்ளன் எண்டு சுட்டுப்போட்டார். வயித்திலை குண்டோடை அரைமைல் ஓடினன். நான் மெய்யான கள்ளனெண்டா, அவரைக் கொல்லவும் நேரமிருந்திருக்கும்.”

“இதை இஞ்சை பொலிஸுக்குச் சொன்னனீங்களே?”

“டெனிஷிலை ‘கூல’ எண்டா குண்டு எண்டு படிச்சு வைச்சிருந்தன். அகதி விசாரணையிலை பொலிஸ்காரன் ‘கூலபென்’ எண்டு கேட்டான். நான் போட்டிருந்த சேட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினன்.”

இளையவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ அண்ணை, அது பேனையல்லோ!”

“ஓம், பேனைதான் கேட்டவன். ஆரோ கொண்டுவந்து குடுத்தும், அவன் தழும்பையே பாத்துக்கொண்டு கனநேரம் ஒண்டும் எழுதேல்லை.”