அணைக்காத கருவி

— கையை விடுங்க மாப்பிள்ளை! கண்ட்ரோல் ரூமே வேடிக்கை பாக்குது.

— பாக்கட்டும் மச்சான். நீங்க செஞ்ச தப்புக்குச் சிலையே வைக்கணும்.

— சிலையா? நாளைக்கு எனக்கு விசாரணை. விண்கலம் வியாழனுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும், சூரியக்காத்தை அளக்கிற கருவியை அணைச்சு வைக்கணும்னு உத்தரவு. கட்டளை அனுப்ப மறந்துட்டேன். மின்சாரத்தை வீணாக்கிட்டேன்னு மேலதிகாரி என் வேலைக்கே உலை வைக்கிறாரு.

— அந்த மறதிதான் என்னைக் காப்பாத்துச்சு! போன மாசம் வியாழனோட துருவத்துல திடீர்னு ஒளி கொழுந்துவிட்டு எரிஞ்சதை டெலஸ்கோப்ல பாத்தோம்ல?

— ஆமா. அது வியாழன் சுத்துற வேகத்துலயே எரியுது, சூரியக்காத்துக்கு அங்க என்ன வேலைன்னு மத்த விஞ்ஞானிங்க உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கினாங்களே.

— வியாழனைச் சுத்தி ஒரு காந்தக் கூடு இருக்கு மச்சான். சூரியனையே உள்ள வச்சு மூடலாம், அவ்ளோ பெருசு. சூரியக்காத்து அதைப் போய் அமுக்குதுன்னு நான் சொன்னா, ‘வெளியில நின்னு அளந்தியா?’ன்னு மடக்குனாங்க. கூட்டுக்குள்ள போயிட்டா விண்கலத்து மேல வெளிக்காத்து படாது.

— ஒளி எரிஞ்ச அன்னிக்கு விண்கலம் இன்னும் வெளியிலதானே போயிட்டு இருந்துச்சு?

— அதைத்தான் சொல்றேன்! முதல்ல காத்து ஓங்கி அறைஞ்சிருக்கு. அதுக்கப்புறந்தான் துருவம் பத்திக்கிச்சு. உங்க கருவி அப்படியே பதிஞ்சு வச்சிருக்கு. என் ஆராய்ச்சிய மூடச் சொன்னவங்க இப்போ வாயை மூடிட்டாங்க. உங்களை என் உசுரு உள்ளவரை மறக்க மாட்டேன்.

— நல்லா இருங்க, அது போதும். வீட்ல சொல்லிட்டீங்களா?

— உங்க தங்கச்சிகிட்டயா? வியாழன்னா வெள்ளிக்கு முந்தின நாள்னு நினைக்கிறவ. நான் பேச ஆரம்பிச்சாலே கொட்டாவி விடுவா.

— அப்படியா நினைச்சிட்டு இருக்கீங்க?

— அதை விடுங்க. விசாரணைக்கு நானும் வரேன். மறதியில நடந்தாலும் பெரிய நல்லது நடந்திருக்குன்னு மேலதிகாரிக்கு எடுத்துச் சொல்றேன்.

— வாங்க, நல்லது நடந்ததை மட்டும் சொல்லுங்க. மறதியைப் பத்திப் பேச வேணாம்.

— ஏன் மச்சான்?

— நான் மறக்கவே இல்லை மாப்பிள்ளை. கட்டளை அனுப்ப உக்காந்த அன்னிக்கு உங்க வீட்டம்மா போன் பண்ணி அழுதா: ‘கூட்டுக்குள்ள போயிட்டா வெளிக்காத்து படாதாம்ணா, அதுக்கு முன்னாடியே கருவியை அணைக்கப் போறாங்களாம், தூக்கத்துல கூட அவரு அதையேதான் சொல்லிப் புலம்புறாரு. அந்தக் கருவியை மட்டும் அணைச்சிடாதண்ணா.’