பிளானில் இல்லாத ஜன்னல்

பாடி ஸ்டாப்பில் பஸ் ஏறிய சாயங்காலக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் என் முதுகோடு நெரிந்து நின்றார்கள். ஒருத்தியின் விரல்களில் கறுப்பு மை.

“நான் கண்ணால பாக்காத ஊட்டுல ஒரு ஜன்னல் வெச்சிட்டேன்கா,” என்றாள் அவள்.

“இன்னாடி சொல்றே?” என்றாள் சாப்பாட்டுக் கூடை வைத்திருந்த மற்றவள்.

“மேனாம்பேட்டுல ஒரு பழைய ஊட்டை மாத்திக் கட்றாங்க. எங்க இன்ஜினியர் சாரு பென்சில்ல போட்ட பிளானை நான் டிரேசிங் பேப்பர்ல மையால எடுக்கணும். அடுப்பங்கரைக்கு ஜன்னலே இல்ல. நானா ஒண்ணு போட்டுட்டேன்.”

“தெரியாமயா?”

“தெரிஞ்சுதான். எங்கூட்டுல ஸ்டவ் புகை போறதுக்கு வழியில்ல. அந்த எரிச்சல்ல போட்டேன்.”

“சாரு பாக்கலியா?”

“பாக்காமயே கையெழுத்துப் போட்டாரு. மேஸ்திரியும் சொவத்தை ஒடச்சி ஜன்னலை வெச்சிட்டாரு. இன்னிக்கு சாரு அங்க போய்ப் பாத்துட்டு வந்து ஒரே கத்தல். பிளான்ல பிளேடால சுரண்டுன்னாரு, சுரண்டிட்டேன்.”

மண்ணூர்பேட்டையில் இரண்டு பேர் இறங்கினார்கள், பத்துப் பேர் ஏறினார்கள்.

“அதான் சுரண்டிட்டியே, அப்புறம் இன்னா?”

“ஊட்டுலயும் அடைக்கணுமே. நாளைக்குள்ள அடைச்சாதான் எனக்கு வேலையாம்.”

“அடைச்சிட வேண்டியதுதானே?”

“செங்கல்லை எடுத்துகினு மேஸ்திரி போனாரு. அந்தூட்டம்மா ஜன்னலாண்ட ஸ்டூலைப் போட்டு உக்காந்துகினு கீதாம். எழுந்துக்கவே மாட்டேங்குதாம்.”