அனுமதிக் கோப்பின் முதல் வரி

ஆட்டுத் தலையில் காதுதான் ருசியான பகுதி. நன்றாக வெந்துவிட்டால் பல்லுக்கு வேலையே இல்லை. ஆனால் நம் விருந்துகளில் அதைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்போம், பெரியவர் சொல்லைக் கேட்டு வளரட்டும் என்று. உங்களுக்குத் தெரியாததா, அதிகாரி அவர்களே. எனக்கு அதை நாற்பத்தாறு வயதில் கொடுத்தார்கள்.

நான் எசென்குல். இசிக்குல் தென்கரையில், எங்கள் வெள்ள எச்சரிக்கை நிலையத்தின் தரவுத்தள சர்வரை நிறுவியவன். மலைமேல் பனி உருகித் தேங்கும் ஏரியின் நீர்மட்டத்தை ஒரு கருவி நிமிடத்துக்கு ஒரு தரம் அனுப்பும். அதை வாங்கி வைப்பது என் சர்வர். மட்டம் எல்லை தாண்டினால் ஊருக்குள் சங்கு ஊதும். வெளியார் இடத்தை நம்பாமல் எங்கள் கட்டடத்திலேயே அதை வைத்தோம். நாற்பது நாள் உழைத்தேன். அனுமதிக் கோப்பை மட்டும் மூன்று முறை திருத்தி எழுதினேன். எந்தக் கருவி உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று வரிவரியாகச் சொல்லும் கோப்பு அது. சர்வர் அதை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துகிற வரி சொன்னதே முடிவு. கீழே என்ன எழுதியிருந்தாலும் சீந்தாது.

கடைசி வாரம் தலைநகரிலிருந்து மிர்லான் வந்தான். இருபத்தொன்பது வயது. என் சர்வரில் இருந்த அளவுகளை எடுத்துச் சுவரில் வண்ண வரைபடமாகக் காட்டினான். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். அது எதிலிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. திறப்பு விருந்தில் எங்கள் தலைவி சாய்கால் அக்கா, முதல் மரியாதைக்குரியவருக்கு வைக்கும் ஆட்டுத் தலையை அவன் முன்னால் வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அவன் கத்தியை எடுத்துக் காதை அறுத்து என்னிடம் நீட்டினான்.

"இந்தாங்கண்ணே, இது உங்களுக்கு. இனிமேயாவது நான் சொல்றதக் காதுல போட்டுக்குவீங்கல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள், சாய்கால் அக்காவும். நானும் சிரித்துக்கொண்டே தின்றேன்.

மறுநாள் கோப்பின் உச்சியில் ஒரு வரி சேர்த்தேன். ஏரிக் கருவியை உள்ளே விடாதே என்று. கோப்பை மறுபடி படிக்கும்படி சர்வரிடம் நான் சொல்லவில்லை. படிக்காதவரை அது வெறும் எழுத்து. ஒன்பது நாள் கழித்து மிர்லான் ஏதோ புதுப்பிப்புக்காக சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினான். எழுதியது நான், படிக்க வைத்தது அவன். இந்த வித்தியாசம் எனக்குக் கொஞ்சநாள் ஆறுதலாக இருந்தது.

அவன் படத்தில் ஒரு குறை உண்டு. புது அளவு வராவிட்டால் பழைய அளவையே பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும். முதல் நாளே கவனித்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏரிக் கருவி நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து தட்டுவதும், சர்வர் அதைத் திருப்பி அனுப்புவதும் பதிவில் வரிசையாக விழுந்தன. தினமும் காலைத் தேநீரோடு அவற்றைப் படித்தேன். அந்தப் பக்கம் மிர்லான் வந்தவர்களுக்குப் பச்சைப் படத்தை விளக்கிக்கொண்டிருப்பான். எல்லோர் முன்னிலும் ஒருநாள் அவன் முகத்தில் கரி விழுந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஜூலையில் நான்கு நாள் விடாத வெயில். நான்காம் நாள், ஆற்றோரம் குடியிருக்கும் என் தங்கையையும் அவள் பிள்ளைகளையும் மேட்டிலிருக்கும் என் வீட்டுக்கு லக்மான் சாப்பிட அழைத்தேன். அந்தத் தெருவில் வேறு யாரையும் அழைக்கவில்லை. என் வீட்டில் கிண்ணங்கள் ஆறுதான். இரண்டரை மணிக்கு ஏரி உடைந்தது. சங்கு ஊதவில்லை. பதினான்கு பேர்.

சர்வரை மறுபடி தொடங்கியவன் என்று பதிவில் மிர்லான் பெயர் இருந்ததால் அவனைப் பிடித்தீர்கள். அந்த வரியும் தன் கவனக்குறைவால் வந்ததாகத்தான் இருக்கும் என்று அவனே ஒப்புக்கொண்டானாம். இப்போது ஊர் முழுக்க அவன் நேர்மைதான் பேச்சு. நேற்று சாய்கால் அக்கா என்னிடமே சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"செஞ்சது பெரிய தப்புதான், எசென்குல். ஆனா நான்தான்னு ஒத்துக்க யாருக்கு மனசு வரும்? நம்மள்ல ஒருத்தருக்கு வருமா?"

அதனால்தான் வந்தேன். குற்றமற்றவன் ஒருவன் உள்ளே இருப்பதை என் மனசாட்சி பொறுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அப்படியொரு வரியைப் பிசகில்லாமல், சரியான இடத்தில் எழுத நாற்பது நாள் பழக்கம் வேண்டும். அது என் வேலை. அந்தப் பதினான்கு பேருக்கு எதிரே அவன் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். என் பெயரைக் கீழே எங்கேயாவது சேர்த்துவிடாதீர்கள். முதல் வரியில் போடுங்கள்.