பிளாட்வென்னின் வாய்க்குள் ஒரு பல் டாக்டர்

— டாக்டரே, மூச்சை நல்லா வெளிய விடுங்க. வயித்தை உள்ள இழுங்க. இப்பத் தலையை இந்த இன்ஜின் அடுப்பு வாசல்ல கொடுங்க.

— இழுத்துட்டேன் மால்ட்வின். இழுத்த வயிறு முதுகுப் பக்கமாப் போய் நிக்குது.

— காலையில உள்ள போன அதே உடம்புதானே! வெளிய வர்றதுக்கு மட்டும் என்ன கேடு?

— இன்ஜினுக்கு என் மேல கோவம்யா. வாழ்நாள் முழுக்க ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் ‘ஆ காட்டு, ஆ காட்டு’ன்னு மிரட்டினேன். இப்ப ஒரு வாய் என்னையே முழுங்கிடுச்சு.

— சிரிக்காதீங்க, கேட்டுக்குங்க. சனிக்கிழமை நம்ம பிளாட்வென், இந்தப் பழைய நீராவி ரயில், ஈஸ்டர் கூட்டத்தை ஏத்திக்கிட்டு மலை ஏறணும். அடுப்புக்குள்ள ஒரு பல் டாக்டரை வெச்சுக்கிட்டு எப்படித் தீ மூட்டறது?

— தாராளமா மூட்டு. என்னால இந்த ஷெட்டுக்கு ஆன ஒரே உபயோகமா இருக்கும். ரிட்டயரானதுல இருந்து இத்தனை வருஷமா இங்க சம்பளமில்லாம சேவை செய்யறேன். நான் முடுக்கின நட்டையெல்லாம் நீ மறுநாள் கழட்டித் திரும்ப முடுக்கறது எனக்குத் தெரியாதா?

— மறுநாள் இல்லைங்க. நீங்க டீ குடிக்கப் போன உடனே.

— பாரு! குழாய்ல கரி சுரண்டறது மட்டும்தான் எனக்கு ஒழுங்கா வருது. அதுவும் பழைய தொழில் பழக்கம்.

— அதோ, உங்க வீட்டம்மா வந்துட்டாங்க. நான்தான் போன் பண்ணேன்.

— அடப்பாவி!

— எங்க அவன்?

— அடுப்புக்குள்ளங்க, நெரிஸம்மா. குனிஞ்சு பாருங்க, மூக்கு தெரியும்.

— ஹவெல்.

— வா நெரிஸ். உள்ள வந்து உட்காருன்னு சொல்ல ஆசைதான்.

— இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— என் மார்புக் கட்டியில ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிச்சாங்களே, அதுக்கு முடிவு சொல்ற நாள். மூணு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்.

— அதுக்குத்தான் சீக்கிரம் வந்து வேலையை முடிச்சிடலாம்னு பார்த்தேன். பாரு, எப்படி மாட்டிக்கிட்டேன்.

— சரி. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா?

— அய்யோ, வேணாம்! அடுப்புக்குள்ள இருந்த கிழவனைத் தீயணைப்புக்காரங்க மீட்டாங்கன்னு பேப்பர்ல போடுவான். நான் செத்தா கல்லறையிலயும் அதையேதான் எழுதுவாங்க.

— சரி. சோப்புத் தண்ணி?

— ஊத்திப் பார்த்தாச்சுங்கம்மா. வழுக்கிக்கிட்டு உள்ள போறாரே ஒழிய வெளிய வரல.

— சரி. அப்ப நான் பஸ்ல போயிக்கிறேன்.

— நெரிஸ், வேற நாளைக்கு மாத்திக்கலாமே. புருஷன் இன்ஜினுக்குள்ள இருக்கான்னு சொல்லு. என்னைத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் நம்புவாங்க.

— நெரிஸம்மா, ஒரு விஷயம். சொன்னா டாக்டர் என்னைத் திட்டுவாரு.

— மால்ட்வின், வாயை மூடு!

— காலம் பூரா பஸ் ஓட்டினவன் நான். இறங்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற ஆளோட குரல் எனக்குத் தெரியும், கேட்டுக்குங்க. காலையில அடுப்புக்குள்ள பதிக்கிற செங்கல் எடுக்க ரெண்டு மூணு தடவை வெளிய வந்துட்டுத்தான் போனாரு. சாப்பாட்டு நேரம் தாண்டினதும்தான் திடீர்னு மாட்டிக்கிட்டாரு. எனக்கே இப்பதான் உறைக்குது.

— ஹவெல், உன்னால வெளிய வர முடியுமா, முடியாதா?

— முடியும்.

— அப்புறம் என்ன?

— பயம், நெரிஸ். என் நாற்காலியில உட்கார்ந்து நடுங்கினவங்க எத்தனை பேருகிட்ட ‘ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க’ன்னு சொல்லியிருப்பேன்! உன் பக்கத்துல உட்கார்ந்து, அந்த டாக்டர் என்ன சொல்லப் போறாரோன்னு பார்த்துக்கிட்டிருக்க எனக்குத் தெம்பு இல்ல. இங்க இருட்டா இருந்துச்சு. யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு நினைச்சேன். இந்த வயசுல ஒளிஞ்சு விளையாடறேன், பாரு.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீ இப்படி ஏதாவது பண்ணுவேன்னு. மூணு மணின்னு உன்கிட்ட பொய் சொன்னேன். வரச் சொன்னது பன்னெண்டு மணிக்கு.

— அப்ப... தனியாவா போனே?

— போயிட்டு நேரா இங்கதான் வர்றேன். நீயா வெளிய வர்றியான்னு பார்த்தேன். வெறும் கொழுப்புக் கட்டியாம், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இனிமே நீ எனக்கு மட்டும் பயந்தா போதும். வெளிய வா.