தேங்காயெண்ணெய் கலக்காத புட்டி

பெப்பர்மிண்ட் வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருடமாக மருந்து கொடுக்கிற டிரசர் நான்தான். தலைவலிக்கு நெற்றிப்பொட்டில், வயிற்றுப் பொருமலுக்கு வெந்நீரில் ஒரு சொட்டு, பால் வெட்டிவிட்டு வந்த முட்டிவலிக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தைலத்தைத்தான் கேட்பார்கள்.

நான் அதை அப்படியே கொடுத்ததில்லை. ஒரு பங்குக்கு இருபது பங்கு தேங்காயெண்ணெய் சேர்ப்பேன். சுத்தத் தைலம் தோலைப் புண்ணாக்கும். கைப்பிள்ளையின் மூக்கருகே போனால் மூச்சுக்குழல் இறுகிப்போகும். இதை லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யார் கேட்டார்கள்? எங்கள் சனங்களுக்கு மருந்து என்றால் எரிய வேண்டும், கண்ணில் தண்ணீர் வர வேண்டும். எரியவில்லையென்றால் டிரசர் திருடன்.

அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் இராஜம்மா. பால் வெட்டுகிறவள், தம்புசாமியின் பெண்சாதி. "நல்ல தைலத்தக் கிள்ளான் பாசார்ல வித்துட்டு நமக்கு வெறும் எண்ணெய ஊத்துறாரு" என்றாளாம். பேச்சு கங்காணி வழியாகத் துரை காதுக்குப் போனது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், முந்நூறு பேர் முன்னால், துரை என் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒரு துளியை விரலில் தேய்த்தார். மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பதினோரு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவனுக்கு இதுதான் மரியாதை.

அடுத்த வாரம் இராஜம்மா ஆறு வாரக் குழந்தையோடு மருந்துக் கொட்டகைக்கு வந்தாள். சளி. மூக்கு அடைத்துக்கொண்டு பிள்ளையால் பால் குடிக்க முடியவில்லை. உப்புத்தண்ணீர் இரண்டு சொட்டு விட்டிருந்தால் போதும்.

"இந்த வாட்டியாச்சும் கலக்காத தைலமா குடுங்க அய்யா" என்றாள்.

கொடுத்தேன். அவள் முன்னாலேயே பெரிய புட்டியிலிருந்து ஊற்றினேன். முகர்ந்ததும் அவள் கண் கலங்கியது. திருப்தியாகச் சிரித்தாள்.

"பிள்ளைக்கு மூக்குக்கிட்ட தடவலாங்களா?"

"தடவு. நல்லா உள்ளுக்குப் போற மாதிரி தடவு" என்றேன்.

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதாதீர்கள். என்ன ஆகும் என்று அந்தத் தோட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பிள்ளை நீலம் பாரித்துவிட்டது என்று தம்புசாமி ஓடிவந்தபோது, தட்டில் இருந்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பிள்ளையைப் புதைத்த மறுநாள் இராஜம்மா என் காலில் வந்து விழுந்தாள். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களே அய்யா. நாந்தான் கேக்கல. அதிகமாத் தடவிட்டேன். மன்னிச்சிருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பெற்றவள் அழுதால் யாருக்குத்தான் மனசு இளகாது, ஐயா. மன்னித்துவிட்டேன்.