டில்லிபாபு சொன்னது

இந்தப் பெண்ணுக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு போடுவது? முத்துமாரி என் வீட்டுக் கூடத்தில் அழுதுகொண்டிருந்தபோது, சமையலறையில் நின்று நான் யோசித்தது இதைத்தான். அழுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம் என்று தோன்றியது. போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் டில்லிபாபுவின் மனைவி. டில்லிபாபு ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். இப்போது ரிமாண்டில் இருக்கிறான். அவன் பிரித்து மூடிய லேப்டாப் தீப்பிடித்து என் கணவர் நந்தகுமார் இறந்துபோனார் என்பது வழக்கு.

"ஒரு வார்த்தைதாம்மா," என்றாள். "பேட்டரி ஊதிக்கினு கீது, மாத்தணும்னு அவரு உங்களாண்ட சொன்னாரா இல்லியா, அத ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. கடையில நீங்க ரெண்டு பேருதான இருந்தீங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். டில்லிபாபு சொன்னான்.

நந்தகுமார் கெட்டவர் அல்ல. குரலை உயர்த்தியதில்லை. லாரி கம்பெனிகளுக்குக் கணக்கு ஆலோசனை சொல்வார். அடையாறில் இந்த ஃபிளாட்டின் படுக்கையறைதான் அவருக்கு ஆபீஸ். கட்டிலில் சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வார். நான் உள்ளே போனால் அதன் மூடியைச் சாத்திவிடுவார். கோபமாக அல்ல, மெதுவாக. பிறகு நான் வெளியே போகும்வரை காத்திருப்பார். பெண் விஷயம் என்று நினைக்க வேண்டாம். அவர் குளிக்கும்போது அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். வாடகை, டீசல், ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். மறைக்க ஒன்றுமில்லாமலே மூடினார். இதை எப்படிக் குறையாகச் சொல்வது? என் அக்காவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "குடிக்கிறாரா, அடிக்கிறாரா? அப்புறம் என்னடி உனக்கு?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

லேப்டாப் மெதுவாகிவிட்டது, கடைக்குக் கொண்டுபோ என்று சொன்னவர் அவர்தான். ரேம் கூட்ட வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டும். டில்லிபாபு எதையும் வாடிக்கையாளர் கண்ணெதிரில்தான் பிரிப்பான். சாமானை மாற்றிவிட்டான் என்று பேச்சு வரக்கூடாதாம். திருகுகளைக் கழற்றி, அடிமூடியை நெம்பி எடுத்தான். என் முன்னால் அது திறந்து கிடந்தது. எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. பார்வையை விலக்கவும் மனமில்லை.

பேட்டரி பூரிபோல உப்பியிருந்தது.

"ஐய, இன்னா மேடம் இது, புள்ளத்தாச்சி மாதிரி கீது," என்றான். "இத கழட்டிடறேன். சார் கரண்ட்ல சொருகியே ஓட்டட்டும். புதுசு ரெண்டு நாள்ல வந்துரும்."

"அதையே வச்சு மூடிடுங்க. வெளிய எடுத்துட்டுப் போக அவருக்கு வேணும்."

"வேணாம் மேடம். சூடு ஏறுச்சுன்னா பட்டாசுதான்."

"புதுசு வந்ததும் சொல்லுங்க, அன்னிக்கே கொண்டு வரேன்."

தயங்கினான். நான் நரைத்த தலைமுடிக்காரி, நிதானமாகப் பேசுகிறவள். என்னை நம்புவது யாருக்கும் சுலபம். மனமில்லாமல்தான் மூடினான். மூடிக்கொண்டே சொன்னான்: "மெத்த மேல வெச்சு ஓட்ட வேணாம்னு சார்கிட்ட சொல்லுங்க. எந்நேரமும் சார்ஜர்லயே போட்டு வுட்டுடாதீங்க. டச்பேடு மேல தூக்கிச்சுன்னா உடனே ஆஃப் பண்ணி என்னாண்ட கொணாந்துடுங்க."

ஆட்டோவில் வரும்போது அது என் மடியில் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று எங்கள் வீட்டில் அதுவரை இருந்ததில்லை. சொன்னால் அது போய்விடும். ஒருநாள் வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

"ஜெட் மாதிரி போகுது," என்றார் நந்தகுமார், மூடியைச் சாத்திக்கொண்டே. மறுநாளும் நான் சொல்லவில்லை. புது பேட்டரி வந்துவிட்டது என்று டில்லிபாபு போன் செய்தான். அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன். மறுபடியும் செய்தான். "நெனச்சா தூக்கமே வர்ல மேடம், கொணாந்துடுங்க," என்றான். நல்ல மனிதன்.

பிறகு டச்பேடு எழும்பத் தொடங்கியது. "க்ளிக்கே ஆகமாட்டேங்குது. அந்தக் கடைக்காரன் சரியா மூடல போலிருக்கு," என்றார். "இருக்கும்," என்றேன். தன் தம்பியிடமும் போனில் இதையே சொன்னார். டில்லிபாபுமேல் புகார் கொடுத்தது அந்தத் தம்பிதான்.

தொடை சுடுகிறது என்று அவர் சொன்னபோது, ரஜாய்ப் போர்வையை மடித்து மெத்தையில் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டிலுக்கு எட்டும்படி ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்து, பிடுங்கவே தேவையில்லாதபடி சார்ஜரைச் சொருகிக் கொடுத்தேன். "தேங்க்ஸ், ஜானகி," என்றார். அவருடைய சௌகரியத்துக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேன் என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது.

அவர் இறந்த அன்று மதியம் சாப்பிட்டதும் சளி மருந்து குடித்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். லேப்டாப் ரஜாயின் மேல், சார்ஜரோடு. நான் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முதலில் புஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிறகு "ஜானகி" என்று கூப்பிட்டார். இருமலுக்கு நடுவே இன்னொரு முறையும் கூப்பிட்டார். மருந்து மயக்கத்தில் அவரால் எழுந்து வர முடிந்திருக்காது. கதவு தாழிட்டிருக்கவில்லை. ஆனால் அவர் சாத்திய கதவை நான் திறந்து பழக்கமில்லை. மீதிக் கீரையையும் ஆய்ந்து முடித்தேன். சத்தம் அடங்கியிருந்தது. அதன் பிறகுதான் எதிர்வீட்டு மணியை அடித்தேன்.

போலீஸ்காரர் விசாரித்தபோது அழுதேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

முத்துமாரிக்கு இதெல்லாம் தெரியாது. காபியைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எத்தினி தபா போன் போட்டாரு, அது போன்லயே கீது. இன்னா பேசினாருன்னு நீங்கதாம்மா சொல்லணும். பொய் சொல்லச் சொல்லல. நடந்தத சொல்லுங்க, போதும். எம்பொண்ணு 'நைனா எப்போ வரும்'னு வாசல்லயே குந்திக்கினு கீறா."

யோசித்துப் பார்த்தேன். டில்லிபாபு சொன்னான் என்று நான் சொன்னால், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாதவள் எதை விளக்க முடியும்?

"இல்லம்மா," என்றேன். "நான் வரமாட்டேன்."

"ஏம்மா?"

"நானே வீட்டுக்காரரைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கேன். என்னை ஸ்டேஷனுக்கெல்லாம் கூப்பிடாதே."

அவள் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு எழுந்து போனாள். படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாவம், என்னைப் போலவே ஒரு தப்பும் செய்யாதவள்.